பதினான்கு முறை பார்த்தவள்

சுவாத் துறைமுகத்தை ஒட்டிய வாலு பே பகுதியில் இருக்கிற எங்கள் கட்டுமானச் சாமான் மொத்தக் கடையில், எந்தச் சரக்கு எந்த வரிசையில் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கணினியைத் திறப்பதைவிட உனாய்சியைக் கேட்பது சீக்கிரம். “ஆறடித் தகடா? மூணாவது வரிசை, அடியில. மேல கிடக்கிறது எட்டடி, அதை இழுத்துறாத” என்பாள், தலையை நிமிர்த்தாமலே. எங்களுக்கு அவள் உனா. பத்தொன்பது வருடமாகச் சரக்குப் பதிவு மேசை அவளுடையது. கிளைகளிலிருந்து தொலைபேசி வந்தால், இங்கே எடுப்பது யாராக இருந்தாலும், அங்கிருந்து வரும் முதல் வார்த்தை “உனாவைக் கூப்பிடு” என்பதுதான். அந்த ஒரு வார்த்தையை அவள் எவ்வளவு ஆசையாகச் சேர்த்து வைத்திருந்தாள் என்பது, அது கைவிட்டுப் போகும் நிலை வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. சுவாவில் மழை நிற்க மறந்திருந்த வாரம். கணினிப் பிரிவைப் பார்க்கும் பர்னீல் எங்களை எல்லாம் தேநீர் மேசைக்குக் கூப்பிட்டான்.

“பழைய சாஃப்ட்வேர் ஜூனோட சரி. புதுசு எல்லாக் கிளைக்கும் போகுது. யாராவது ஒருத்தர் போய்ச் சொல்லித்தரணும். யாருன்னு நான் கை காட்டி வம்பு வாங்க மாட்டேன். ஆசை இருக்கிறவங்க நாலு நிமிஷத்துக்கு ஒரு திரைப்பதிவு செஞ்சு குடுங்க. கஸ்டமர் திருப்பிக் கொண்டுவந்த சரக்கை எப்படிக் கணக்குல ஏத்துறது, அவ்வளவுதான். திரையில நீங்க செய்யறது தெரியணும், உங்க குரல் கேக்கணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள. எது நல்லா இருக்கோ அது ஆறு கிளைக்கும் போகும். செஞ்ச ஆளும் போவாங்க.”

“லம்பாசாவுக்குக் கப்பலா, ஃபிளைட்டா?” என்று கேட்டான் கிடங்கில் இருக்கிற சக்கேயோ. லம்பாசாக் கிளை வேறு தீவில்.

“ஃபிளைட்.”

“அப்ப நானும் செய்றேன்.”

“உனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியுமா?”

“நாலு நிமிஷம் இருக்கே, கத்துக்க மாட்டேனா?”

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் உனாவைப் பார்த்தோம். வேறு யாரைப் பார்ப்பது? அவளும் அதை எதிர்பார்த்து, குனிந்து, மடியில் இல்லாத ரொட்டித் தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

“நான் குடுக்கலாமா பர்னீல்? நாலு வருஷம்தானே ஆச்சு எனக்கு.”

வாசிதி. உனாவின் அத்தை மகள். சவுசவுவில் புருஷனோடு ஒத்துவராமல் மகளைக் கூட்டிக்கொண்டு சுவாவுக்கு வந்தபோது, இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே உனாதான். பக்கத்தில் நாற்காலி போட்டு, பில் புத்தகம் எது, சரக்கு வரவுச் சீட்டு எது என்று ஆறு மாதம் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். வாசிதிக்கு முப்பத்தாறு. உனாவுக்கு நாற்பத்தெட்டு. அத்தை மகளும் மாமன் மகளும் எங்கள் தீவு வழக்கத்தில் ஒருத்தியை ஒருத்தி எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. ஒரு வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்ணின் பிள்ளை தாய்மாமன் வீட்டில் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. கெரெகெரே, அதாவது ‘கொஞ்சம் கொடேன்’, என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொதுவாகவே அந்த வார்த்தைக்கு மறுப்புச் சொல்வது வெட்கக்கேடு; தாய்மாமன் வீட்டில் அது பாவத்துக்குப் பக்கம்.

உனாவுக்கு இருபது வயதிருக்கும்போது ஒரு மஞ்சள் உடுப்பு வைத்திருந்தாள். சர்ச் ஆண்டு விழாவுக்காக அவளே சேர்த்து வாங்கிய துணி, அவளே தைத்தது. லீவுக்கு வந்த எட்டு வயது வாசிதி அதைத் தொட்டுப் பார்த்து, “கெரெகெரே மாமா, வளர்ந்தப்புறம் போட்டுக்கிறேன்” என்றாள். உனாவின் அப்பா சிரித்துக்கொண்டே மடித்துக் கொடுத்துவிட்டார். வாசிதி எதையும் யாரிடமும் பிடுங்கியதே இல்லை. கேட்டாள், கொடுத்தார்கள். உனாவால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

சர்ச்சில் பாட்டைத் தூக்கிக்கொண்டு போவது வாசிதியின் குரல். பின்வரிசையில் கீழ்ச்சுருதி பிடிப்பது உனா. தேநீர் வேளையில் இருவரும் ஒரே கதையைச் சொன்னாலும் வாசிதி சொன்னால்தான் சக்கேயோ தொடையில் தட்டிச் சிரிப்பான். இதையெல்லாம் உனா கவனிக்காதவள் மாதிரி கவனித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் வேலை வேறு. வேலையில் அவள்தான் உனா.

செவ்வாய்க்கிழமை, காகிதக்கட்டு அடுக்கி வைக்கிற சின்ன அறைக்குள் மடிக்கணினியோடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கடையில் சத்தம் குறைவான இடம் அது ஒன்றுதான்; ஆனால் அதற்கும் தகரக் கூரை. பிரிஸ்பனில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அவள் மகள், அம்மாவோடு பேசும்போது கோழிச் சத்தம் கேட்கிறது என்று, வாய்ப்பக்கம் மைக் நீண்டிருக்கிற நல்ல ஹெட்செட் ஒன்று அனுப்பியிருந்தாள். கடையிலேயே அப்படி ஒன்று அவளிடம்தான் இருந்தது. சொல்ல வேண்டியதைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தாள். முதல் பதிவில் மழை. இரண்டாவதில் மழை நின்றது. சுவருக்கு அப்பால் வாசிதி எதற்கோ சிரித்தாள், அந்தச் சிரிப்பு தெளிவாகப் பதிவானது. மூன்றாவது ஒழுங்காக முடிந்தது. ஆனால் ஆறு நிமிடம் இருபது நொடி. போட்டுக் கேட்டால் இறுதிச் சடங்கில் வேதம் வாசிப்பது மாதிரி இருந்தது. அழித்துவிட்டாள்.

புதன்கிழமை காலை வாசிதி மேசைக்கு வந்து நின்றாள்.

“மதினி.”

“என்னடி?”

“அந்த ஹெட்செட். கெரெகெரே. என் போன்ல பேசினா குளத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு.”

உடைந்துவிட்டது என்று சொல்லலாம். வீட்டில் இருக்கிறது என்று சொல்லலாம். ஹெட்செட் மேசைமேல், இருவருக்கும் நடுவில் கிடந்தது. உனா அதை எடுத்து, ஒயரைச் சுற்றி, கையில் கொடுத்தாள்.

“பத்திரமா வை. எம்பொண்ணு வாங்கினது.”

“உன் தலை சூடு இன்னும் இதுல இருக்கு மதினி. அறிவும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். எனக்கு ஏறட்டும்.”

அன்று மதியம் பத்து நிமிடம் மழை விட்டது. யார் சொல்லி விட்டதோ, அந்தப் பத்து நிமிடத்தில் வாசிதி உள்ளே போய் ஒரே தடவையில் முடித்துவிட்டு வந்தாள். மூன்று நிமிடம் ஐம்பது நொடி. பர்னீல் திறந்து வைத்திருந்த பொதுப் பக்கத்தில் ஏற்றியும் விட்டாள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

உனா பார்த்தாள். வாசிதி எதையும் வாசிக்கவில்லை, பேசினாள். “வாங்க, உக்காருங்க, பயப்படாதீங்க, இது கடிக்காது” என்று தொடங்கினாள். அம்பு நகர்கிற இடத்துக்குக் குரலும் கூடவே நகர்ந்தது. மூன்று மூட்டை சிமெண்ட் திரும்பி வந்திருக்கிறது, ஈரம் பட்டுக் கல்லாகிவிட்டது, அதை எப்படி ஏற்றுவது என்று காட்டினாள். முடிக்கும்போது அவள் சிரித்த சின்னச் சிரிப்பு, உனாவின் பதிவில் சுவர் தாண்டி வந்து விழுந்த அதே சிரிப்பு.

மறுபடியும் பார்த்தாள். மறுபடியும். முதல் மூன்று தடவை எப்படி இவ்வளவு நன்றாகப் பேசுகிறாள் என்று பார்த்தாள். அதற்குப் பிறகு எங்கே திக்குகிறாள் என்று பார்த்தாள். வியாழக்கிழமை ஹெட்செட் திரும்பி வந்துவிட்டது. மதியம் இரண்டு மணி நேரம் வெயில்கூட அடித்தது. தன்னுடையதைப் பதிவு செய்ய உட்கார்ந்தாள். வாயைத் திறந்ததும் வாசிதியின் குரல் முதலில் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ள, மூடிவிட்டு மறுபடி அவளுடையதைப் போட்டாள். அது ஒன்பதாவது தடவை. அப்போது கிடைத்தது.

இரண்டு நிமிடம் பத்தாவது நொடி. சரக்கின் பெயர், எண்ணிக்கை, காரணம் எல்லாம் நிரப்பியபின் வலது ஓரத்தில் ‘நிலை’ என்று ஒரு சின்னக் கட்டம். அதில் ‘நல்லது’ என்று ஏற்கெனவே இருக்கும். கெட்டுப்போன சரக்கென்றால் அதை ‘பழுது’ என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கணினி ஒன்றும் சொல்லாது, பேசாமல் விட்டுவிடும். கல்லாய்ப் போன சிமெண்ட் மூன்று மூட்டையும் விற்பனைச் சரக்கோடு போய்ச் சேர்ந்துவிடும். வாசிதி அந்தக் கட்டத்தைத் தொடவே இல்லை. இதையே ஆறு கிளையும் பார்த்துப் படித்தால் ஒரு வருடத்தில் கிடங்குக் கணக்கு பாதிக்குப் பாதி பொய்யாகிவிடும். பர்னீலுக்கு இது தெரியாது, அவனுக்குக் கணினி தெரியும், சிமெண்ட் தெரியாது. உனாவுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பழைய ஏட்டில் இதே தப்பைச் செய்து, நௌசோரியில் சர்ச் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பதினொரு மூட்டை கல் அனுப்பியவள் அவள். பாதிரியாரே லாரியில் ஏறி வந்து ஒரு மூட்டையை வாசலில் உருட்டிவிட்டுப் போனார்.

இன்னும் ஐந்து தடவை பார்த்தாள். இந்த ஐந்தும் சந்தோஷத்துக்கு.

சாயங்காலம் நபுவாவில் வீட்டுக்கு வந்து, தேங்காய்ப்பாலில் சேம்பு இலை வெந்துகொண்டிருக்கும்போது அவள் வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டிவிட்டு வந்த புருஷன் எபேலி வாசலில் செருப்பைக் கழற்றியபடியே பார்த்தான்.

“பதிவு முடிஞ்சுதா?”

“நாளைக்கு.”

“முடியாததுக்கா இந்தப் பாட்டு?”

“ஏன், நான் பாடக் கூடாதா?”

“பாடு. போன தடவை நீ இப்படிப் பாடினது உன் நாத்தனார் கேக் கருகினப்போ.”

வெள்ளிக்கிழமை. வழக்கம்போல எல்லோரும் பூப்போட்ட பூலா சட்டையில். காலையிலிருந்து ஊற்று ஊற்றென்று ஊற்றியது. பத்தரை மணித் தேநீருக்கு நாங்கள் ரொட்டிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தபோது வாசிதி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இங்க ஒரு வேடிக்கை பாருங்க. வீடியோ போட்டவங்களுக்கு மட்டும், யார் யார் எத்தனை தடவை பார்த்தாங்கன்னு அடியில காட்டுது. இப்பதான் கண்டுபிடிச்சேன். பர்னீல் ரெண்டு. சக்கேயோ ஒண்ணு…”

“அதுகூட பர்னீல்தான் போட்டுக் காட்டினான்” என்றான் சக்கேயோ.

“உனா மதினி…” என்று நிறுத்தினாள். “பதினாலு.”

கூரைமேல் மழை. பிறகு சிரிப்பு. சக்கேயோ மேசையில் தட்டினான். “என் பொண்டாட்டி கல்யாணத்தன்னைக்குக்கூட என்னைப் பதினாலு தடவை பார்க்கலியே!”

உனாவின் கழுத்திலிருந்து சூடு ஏறுவது எங்களுக்கே தெரிந்தது. தன் வீடியோவை இன்னும் ஏற்றாதவளுக்கு இப்படி ஒரு பட்டியல் இருப்பது எப்படித் தெரியும்?

“சவுண்டு சரியா இருக்கான்னு பார்த்தேன். என் ஹெட்செட்தானே.”

“பதினாலு தடவையும் சவுண்டா?”

“காது மந்தம்.”

இன்னொரு சிரிப்பு எழுந்தது. ஆனால் வாசிதி சிரிக்கவில்லை. மடிக்கணினியை மேசைமேல் வைத்துவிட்டு உனாவின் நாற்காலிப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கேலிக்குரல் போய் வேறு குரல் வந்தது.

“மதினி, ரசிக்கிறவ மூணு தடவை பார்ப்பா. பதினாலு தடவை பார்த்தவ கண்ணுக்கு ஏதோ பட்டிருக்கு. கெரெகெரே. எங்க தப்பு பண்ணியிருக்கேன்?”

ஒரு பொருளைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. தெரிந்த ஒன்றைக் கேட்டால்? யாரும் அதற்குச் சட்டம் போட்டு வைக்கவில்லை. ‘ஒரு தப்பும் இல்ல, நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட்டு உனா தேநீரைக் குடித்திருக்கலாம். ஆறு கிளைக்கும் தப்பான வீடியோ போயிருக்கும், இல்லையானால் உனாவின் சரியான வீடியோ போயிருக்கும். அவள் வாயைத் திறந்ததற்கு நல்ல மனசு காரணமில்லை. அந்தக் கட்டத்தைத் தான் ஒருத்தி மட்டும் பார்த்தது யாருக்குமே தெரியாமல் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

“ரெண்டு நிமிஷம் பத்துல நிறுத்து” என்றாள்.

வாசிதி நிறுத்தினாள்.

“வலது கைப்பக்கம். நிலை. என்ன போட்டிருக்கு?”

“நல்லது.”

“உன் சிமெண்ட் எப்படி இருக்குன்னு நீயே சொன்ன?”

வாசிதி திரையைப் பார்த்தாள். பர்னீல் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். “ஐயையோ” என்றான், கணினி ஆள் சொல்கிற மாதிரி இல்லாமல் கிடங்கு ஆள் சொல்கிற மாதிரி.

“எத்தனாவது தடவையில பார்த்த?” என்று கேட்டாள் வாசிதி.

“ஒம்பதாவது.”

“நேத்தா?”

“நேத்து.”

“நேத்து மத்தியானம் வெயில் அடிச்சுது மதினி. அப்பவே மறுபடி எடுத்திருப்பேன்.”

“நீ கேக்கலியே.”

வாசிதி மடிக்கணினியை மூடினாள். எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கும் மழை. மூன்று நாற்பதுக்குச் சட்டென்று நின்றது. காகித அறை வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். ஹெட்செட் உனாவின் கையில். இன்னும் ஒரு பதிவுகூட உருப்படியாக இல்லாதவள் அவள். மேற்கே லாமி பக்கம் மேகம் கறுத்துத் திரண்டு வந்துகொண்டிருந்தது.

“நீ முதல்ல போ மதினி” என்றாள் வாசிதி. “உன் ஹெட்செட். நான் கேக்க மாட்டேன்.”

கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கலாம். கேட்காமல், வழி விட்டு நின்றதுதான் உனாவுக்கு எரிந்தது. வாசிதி விட்டுக் கொடுத்து, தான் வாங்கிக்கொள்வதா?

“இந்தா. உன்னுது நாலு நிமிஷம். என்னுது எப்பவும் ஆறு. போய்ச் சீக்கிரம் முடி.”

வாசிதி வெளியே வந்தபோது முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. உனா உள்ளே போய் நோட்டைத் திறந்தாள். பிறகு மூடி வைத்தாள். வாசிக்க நேரமில்லை. மழை அடிக்க அடிக்க, அதற்கு மேல் குரலை உயர்த்தி, லம்பாசாக்காரன் தொலைபேசியில் கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படியே சொன்னாள். “அதைத் தொடாத. இதைத் தொடு. இப்ப வலது பக்கம் பாரு.” நான்கு நிமிடத்துக்கு இரண்டு நொடி குறைவு. மூன்று ஐம்பத்தேழுக்கு ஏற்றினாள்.

திங்கட்கிழமை பர்னீல் அவள் மேசைக்கே வந்து சொன்னான். “அக்கா, உங்களுதுல ஒரு தப்பு இல்ல. ஒண்ணே ஒண்ணு கூட இல்ல. ஆனா பாதி மழைதான் கேக்குது. பெரியவங்க வாசிதியோடதை எடுத்துட்டாங்க.”

“சரி” என்றாள் உனா.

“அதுல ஒரு இடத்துல உங்க பேரைச் சொல்லியிருக்கா, கேட்டீங்களா? ‘இந்தக் கட்டத்தை நானே விட்டுட்டேன், உனா மதினிதான் பிடிச்சா’ன்னு.”

“என் பேரை எதுக்கு இழுத்தா?” என்று சிடுசிடுத்தாள். பழையதன் இடத்திலேயே வாசிதி ஏற்றியிருந்த அந்தப் புது வீடியோவைத் திறக்கவில்லை. திறந்தால் பதினைந்து ஆகிவிடும்.

அடுத்த வாரம் வாசிதி லம்பாசாவுக்குக் கிளம்பினாள். கெரெகெரே சொல்லி ஹெட்செட்டும் கூடவே போயிற்று. கேட்பதற்கு முன்பே உனா அதை உறையில் போட்டு வைத்திருந்ததை நான் பார்த்தேன். அந்தப் பதினைந்து நாள் கிளைகளிலிருந்து தொலைபேசி வந்தால், “வாசிதி அடுத்து எப்போ எங்க பக்கம் வர்றா?” என்றார்கள். “உனாவைக் கூப்பிடு” என்று யாரும் சொல்லவில்லை. உனா தலையை நிமிர்த்தாமல் தகடு எண்ணினாள். ஒருநாள் மத்தியானம், சும்மா, தன்னுடைய மழை வீடியோவைத் திறந்து பார்த்தாள். ஏற்றியதிலிருந்து அதைத் திறக்கவே இல்லை. அடியில் அந்தப் பட்டியல் இருந்தது. அதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள். பிறகு சக்கேயோவைக் கூப்பிட்டு அவனுடைய ரொட்டியில் பாதியை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் லம்பாசாவிலிருந்து தொலைபேசி. நான்தான் எடுத்தேன். “உனாவைக் கூப்பிடு” என்றது வாசிதியின் குரல்.

“என்னடி வாத்தியாரம்மா?” என்றாள் உனா, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு.

சப்ளையருக்கே திருப்பி அனுப்புகிற சரக்கு. அதற்கு எந்தப் பக்கம் போவது என்று பத்துப் பேரை முன்னால் உட்கார வைத்துவிட்டு வாசிதிக்கு மறந்துபோயிருக்கிறது. கெரெகெரே என்றாள். உனா சொன்னாள். ஒவ்வொரு கட்டமாக, அவசரமில்லாமல், அந்தப் பக்கம் பத்துப் பேர் காத்திருப்பது தெரிந்தும் அவசரமே இல்லாமல் சொன்னாள். முடித்துவிட்டுக் கேட்டாள்.

“ஏண்டி, என் வீடியோவை எதுக்கு ஒம்பது தடவை பார்த்திருக்க?”

அந்தப் பக்கம் வாசிதி யாரிடமோ ‘ஒரு நிமிஷம்’ என்றாள்.

“சவுண்டு சரியா இருக்கான்னு பார்த்தேன்.”

“தப்பு ஏதாவது கிடைச்சுதா?”

“இல்ல” என்றாள் வாசிதி, எரிச்சலோடு.

“விடாம பாரு” என்றாள் உனா. “பதினாலுக்கு இன்னும் அஞ்சு பாக்கி இருக்கு.”